பரங்கிமலைச் சீமைச் சரித்திரம் – 17: துப்பாக்கியும் துரைத்தனமும்

சென்ற அத்தியாயத்தில், பரங்கிமலையின் அடிவாரத்திலே கும்பினியாரின் சென்னைப் பீரங்கிப் படை தலைமையிடம் அமைத்துக்கொண்ட விதத்தையும், அதன் நிழலிலே பல்லாவரத்துக் கண்டோன்மெண்ட் எழுந்த கதையையும் விரித்துரைத்தேன். அது சர்க்காரின் கையிலிருந்த ஆயுதத்தின் சரித்திரம். அதே காலத்தில் இந்தச் சீமையிலும் இதனைச் சூழ்ந்த தமிழ்நாடு முழுமையிலும் குடிகளின் கையிலிருந்த வேலும் வாளும் திரித்துப்பாக்கியும் என்ன ஆயின, அவற்றை வாங்கி வைத்துக்கொண்ட துரைத்தனம் போன பிறகும் அவை ஏன் திரும்பி வரவில்லை, வராமற்போனது நமக்கு நன்மையா தீமையா என்பதை இந்த அத்தியாயத்தில் ஆராய எண்ணுகிறேன். அமெரிக்க தேசத்துப் பள்ளிக்கூடங்களிலும் கடைவீதிகளிலும் நடக்கும் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, நம் ஊரில் மட்டும் இது ஏன் இல்லை என்று மறைமலை நகர் ரயிலடியில் வண்டிக்குக் காத்திருக்கும் தொழிலாளத் தோழர்கள் பேசிக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். அக்கேள்விக்கு விடை இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பிரகடனத்திலிருந்து தொடங்குகிறது.

1799ஆம் ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே அக்டோபரில் திருப்பத்தூர்க் கோட்டையில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையக்காரர் யுத்தத்தின் புகை அடங்குமுன்னரே, பிளாசியில் வென்ற கிளைவின் மைந்தராய்ச் சென்னையில் கவர்னர் பதவி வகித்த எட்வர்டு கிளைவ், 1801 டிசம்பர் முதல் தேதியிட்டு ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். பாளையக்காரர்களும் அவர்தம் குடிபடைகளும் ஆயுதங்களை ஒப்புவித்துவிட வேண்டும். இனி ஆயுதம் தரிப்பது குற்றம். அதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன்புதான், 1791இல், இங்கிலாந்தின் ஆதிக்கத்தை உதறிய அமெரிக்கர்கள் ஆயுதம் வைத்திருப்பது ஜனங்களின் உரிமை எனத் தங்கள் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தமாக எழுதிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், ஒரே இங்கிலீஷ்காரனிடம் தோற்றவன் அடைந்த கதியும் அவனை வென்றவன் அடைந்த கதியும் எவ்வாறு இருவேறு திசைகளில் பிரிந்து ஓடின என்பது விளங்கும்.

ஆயினும் 1801இல் நிகழ்ந்தது யுத்த முடிவில் வென்றவன் தோற்றவனிடம் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டது மட்டுமே. தேசம் முழுமைக்குமான நிரந்தரச் சட்டமாக அது உருவெடுத்தது 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் அச்சத்துக்குப் பிறகு. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த 1878ஆம் ஆண்டிலே, சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயை அடைக்க ஒரு சட்டமும் சுதேசிகளின் கையைக் கட்ட இந்திய ஆயுதச் சட்டம் என்ற மற்றொரு சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு ரத்து செய்தார். ஆயுதச் சட்டத்தைத் தொட அவருக்கும் மனம் வரவில்லை.

அச்சட்டத்தின் கொடுமை லைசென்ஸ் கேட்டதில் இல்லை. யாரிடம் கேட்டது, யாரிடம் கேட்கவில்லை என்பதில் இருந்தது. ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் விதிகளின்படி விலக்குப் பெற்றிருந்தார்கள். வண்டலூர்க் காட்டிலே நரி வேட்டைக்குப் போகும் துரை மகனுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதே காட்டோரத்தில் காட்டுப்பன்றியிடமிருந்து கடலைக்கொல்லையைக் காக்க விழித்துக் கிடக்கும் குடியானவனுக்கு அது தேவை. ராஜாக்களுக்கும் பட்டம் பெற்ற கனவான்களுக்கும் சலுகை உண்டு. குடகு நாட்டவர்க்கு 1861 முதலே தனி விலக்கு உண்டு. அந்த விலக்கு சுதந்திர இந்தியாவிலும் நீடித்து, 2019இல் மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. இந்த ஏற்றத்தாழ்வே படித்த வகுப்பாரைச் சுட்டது. 1887 டிசம்பரில் நம் சென்னையிலே பதுருதீன் தயாப்ஜியின் தலைமையில் கூடிய காங்கிரஸின் மூன்றாம் மகாசபையில், வங்காளத்து வாலிபராகிய பிபின் சந்திர பாலர் எழுந்து ஆயுதச் சட்டத்தை நீக்க வேண்டுமென்று உருக்கமாக வாதாடினார். துப்பாக்கி வாங்கிச் சுட வேண்டும் என்ற ஆசையால் அன்று அவர்கள் பேசவில்லை. நம்பிக்கைக்குப் பாத்திரமல்லாத பிரஜைகள் என்று ஒரு ஜாதியையே சட்டத்தில் எழுதி வைத்த அவமானம் அவர்களைப் பேச வைத்தது. நிறபேதத்தை ஒட்டிய விலக்குகள் 1920ஆம் ஆண்டு விதிகளால்தான் பெரும்பாலும் ஒழிந்தன.

சட்டம் இருந்தும் துப்பாக்கி வந்து சேர்ந்த வழிகளும் உண்டு. பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் வாலிபர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கினார். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் கையிலிருந்தது அந்நிய நாட்டில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி.   மறுபுறம், ஆயுதமற்ற ஜனங்களின் நிலை எப்படியிருந்தது என்பதற்கு 1920 ஏப்ரல் 3ஆம் தேதி மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூரில் நடந்தது ஒன்றே போதும்: குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீசார் சுட்டதில் பதினாறுக்குக் குறையாதவர்கள் மாண்டார்கள்.

சுயராஜ்யம் வந்தால் ஆயுதச் சட்டம் போகும் என்பது காங்கிரஸ்காரர்களின் பழைய வாக்குறுதி. 1931ஆம் வருஷத்துக் கராச்சி மகாசபையில் நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலே, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இடம் பெற்றிருந்தது. ஆனால் அரசியல் நிர்ணய சபை கூடியபோது காலம் மாறிவிட்டிருந்தது. பிரிவினைக் கலகத்தின் ரத்தம் இன்னும் காயவில்லை. 1948 ஜனவரி 30ஆம் தேதி காந்தியடிகள் மார்பிலே பாய்ந்த குண்டுகள், குவாலியரில் திருட்டுத்தனமாய்க் கைமாறிய ஓர் இத்தாலியக் கைத்துப்பாக்கியிலிருந்து வந்தவை. அந்த டிசம்பரிலே எச்.வி. காமத் எழுந்து, கராச்சித் தீர்மானத்தை ஞாபகப்படுத்தி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சாசனத்தில் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் உடன்படவில்லை. அத்தகைய உரிமையை வரையறையின்றிக் கொடுத்தால் குற்றமே தொழிலாகக் கொண்டோரும் அதனைக் கோர இடமாகிவிடும் என்பது அவர் ஆட்சேபத்தின் சாரம். திருத்தம் தோற்றது. அது மட்டுமன்று, ஜனங்கள் கூட்டம் கூடும் சுதந்திரத்தைக் கூறும் 19ஆம் ஷரத்திலேயே, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூட வேண்டும் என்ற நிபந்தனையும் எழுதப்பட்டது. அமெரிக்கர் எதனை உரிமையாக எழுதினார்களோ, அதன் இன்மையை நாம் உரிமைக்கு நிபந்தனையாக எழுதினோம்.

இவ்விடத்தில் என் அபிப்பிராயத்தை மறைக்க விரும்பவில்லை. பிபின் சந்திர பாலரின் வாதமும் நியாயம், அம்பேத்கரின் மறுப்பும் நியாயம் என்றே கருதுகிறேன். குடிகளைக் கண்டு அஞ்சிய அந்நியன் குடிகளை அடக்கச் செய்த சட்டம், குடிகளே அரசாளும் காலத்தில் குடிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் காக்கும் சட்டமாகப் பயன்பட்டது. பழைய சட்டத்தை நீக்கி, 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஒருவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. ராணுவத்துக்குரிய ரகங்கள் பொதுஜனங்களுக்கு அறவே விலக்கு. அதிகாரி மறுத்தால் மேல் முறையீடு செய்யலாம். ஆள்பவர் அருளிய பிரசாதமாக இருந்தது, காரணம் கேட்டுக் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டிய அனுமதியாயிற்று.

அச்சட்டம் அமலுக்கு வந்து ஐந்து ஆண்டுகள்கூட நிறையாத காலத்தில், இந்தச் சீமை கண்ட மிகப் பிரசித்தமான துப்பாக்கிச் சம்பவம் நம் வாசற்படியிலேயே நடந்தது. 1967 ஜனவரி 12, வியாழக்கிழமை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது. பரங்கிமலைக்கு வடக்கே, அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ராமாபுரத்தில் உள்ள எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்டத்துக்கு மாலை ஐந்து மணியளவில் நடிகர் எம்.ஆர். ராதாவும் படத்தயாரிப்பாளர் வாசுவும் சென்றார்கள். ‘பெற்றால்தான் பிள்ளையா’ என்ற வாசுவின் படத்தில் எம்.ஜி.ஆரும் ராதாவும் சேர்ந்து நடித்து, அது வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மூவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த இடத்தில் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் இடது காதருகே குண்டு பாய்ந்து கழுத்தில் தங்கியது. ராதாவின் உடம்பிலும் குண்டுகள். இருவரும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஜெனரல் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதாகச் செய்தி பரவி, நகரத்து ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் திரண்டார்கள்.

இச்சம்பவத்தின் அரசியற் பலன் யாவரும் அறிந்தது. கழுத்தில் கட்டுடன் படுக்கையில் கிடந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாகச் சுவர்தோறும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்குச் செல்லாமலே பரங்கிமலைத் தொகுதியில் அவர் பெரும் வித்தியாசத்தில் வென்றார். மார்ச் 6ஆம் தேதி அவர் கட்சித் தலைவர் அண்ணா முதலமைச்சரானார். ராதா பெரியாரின் தொண்டர். அவ்வாண்டு பெரியாரோ எதிரணியிலிருந்த காமராஜர் பக்கம் நின்றவர். ஆதலால் அன்றைய ஜனங்கள் இதில் கட்சிச் சண்டையைக் கண்டதில் வியப்பில்லை. கட்சிக் கதை மிகுதியாய்ச் சொல்லப்பட்டுவிட்டது. நம் விஷயத்துக்கு முக்கியமான பகுதி நீதிமன்றத்தில் நிகழ்ந்ததேயாகும். அதனை அவ்வளவாய் யாரும் நினைப்பதில்லை.

வழக்கு சைதாப்பேட்டை மாஜிஸ்திரேட்டிடம் தொடங்கிச் செங்கற்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வந்தது. அறைக்குள் இருந்தவர் மூவரே. அவர்களில் இருவர் சுடப்பட்டவர்கள். யார் முதலில் சுட்டது, எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதில் வழக்கு முழுதும் நின்றது. இங்கே சாஸ்திரம் சாட்சிக் கூண்டேறுகிறது. கைத்துப்பாக்கியின் குழலுக்குள்ளே திருகு வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றினூடே சுழன்று வெளிவரும்போது அந்த வரிகளின் தடம் அதன் ஈய உடம்பிலே பதியும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரு குழல்களும்கூட ஒரே தடத்தைப் பதிப்பதில்லை. சந்தேகத்துக்குரிய துப்பாக்கியால் பஞ்சுப் பெட்டிக்குள் சுட்டு எடுத்த குண்டையும், காயத்திலோ சுவரிலோ கிடைத்த குண்டையும் இரட்டைப் பூதக்கண்ணாடியின் கீழ் பக்கத்தில் பக்கமாய் வைத்து, வரிகள் தொடர்ந்து ஓடுகின்றனவா என்று நிபுணர் பார்ப்பார். தமிழ்நாட்டுச் சாமான்ய ஜனங்கள் தடயவியல் என்ற துறையின் பெயரைப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாய்ப் படித்தது ஏறக்குறைய இந்த வழக்கிலேதான் என்று சொல்லலாம். 1967 நவம்பர் 4ஆம் தேதி ராதாவுக்கு ஏழு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது; பின்னர் மேல் முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். பிழைத்தார், ஆனால் இடது காதின் கேள்வியும் பழைய குரலும் திரும்பவில்லை.

இந்த நிகழ்ச்சியில் எனக்குப் படுவது இதுதான். சுட்டவர் கொள்ளைக்காரரல்லர், புரட்சிக்காரருமல்லர், அறுபதை நெருங்கிய, நாடறிந்த கலைஞர். சுடப்பட்டவரோ அவரோடு பல படங்களில் நடித்தவர். கோபதாபங்கள் எத்தனையோ வீடுகளில் எழுந்து, வாய்ச்சண்டையோடும் மிஞ்சினால் கைகலப்போடும் முடிந்துபோகின்றன. அவ்விடத்தில் ஒரு கைத்துப்பாக்கி இருந்துவிட்டால், கோபம் தணிவதற்கு வேண்டிய அவகாசத்தை அது கொடுப்பதில்லை. தற்காப்புக்காகப் பிரமுகர்களுக்குத் துப்பாக்கி வேண்டும் என்று வாதிப்போர் இதனைச் சற்று யோசிக்க வேண்டும்.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். செங்கற்பட்டு 2019 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி முதல் தேதி தாம்பரம் போலீஸ் கமிஷனரேட் உதயமாகி, மறைமலை நகரும் அதன் எல்லைக்குள் வந்தது. ஆகவே, முன்பு கலெக்டரிடம் கொடுத்த துப்பாக்கி மனுவை இங்கே உள்ளவர்கள் இப்போது கமிஷனரிடம் கொடுக்கிறார்கள். லைசென்ஸ் பெற்றவர்களில் கணிசமானோர், வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தினர். அந்த ஆயுதம் அவர்களுக்குப் பிழைப்பு. மற்றவர்கள் பழைய பண்ணைக் குடும்பத்தார், விளையாட்டு வீரர், சில தொழிலதிபர். தேர்தல் அறிவிப்பு வந்தவுடனே போலீஸ் நிலையங்களில் ஒரு காட்சியைக் காணலாம். பாட்டனார் காலத்துத் துப்பாக்கியைப் பழைய வேட்டியிலோ சாக்குத் துணியிலோ சுற்றிக்கொண்டு பெரியவர்கள் வந்து நிற்பார்கள். ஸ்டேஷன் ரைட்டர் லைசென்ஸ் புத்தகத்தை விரித்து, துப்பாக்கியின் நம்பரைக் கட்டையருகே தேடிப் பிடித்து, பதிவேட்டில் எழுதி, ரசீது கொடுத்து, அதனை மூலையில் சார்த்தி வைப்பார். தேர்தல் முடிந்தபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். பலர் சில வாரம் கழித்துத்தான் வருகிறார்கள். வீட்டில் அது இருப்பதைவிட ஸ்டேஷனில் இருப்பது நிம்மதி என்று சொல்பவர்களையும் கேட்டிருக்கிறேன்.

2019 டிசம்பரில் பார்லிமெண்டு சட்டத்தை மேலும் இறுக்கியது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாயிற்று. கலியாணத்திலும் திருவிழாவிலும் ஆகாயத்தை நோக்கிச் சுட்டுக் கொண்டாடும் வடநாட்டு வழக்கம் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. விவாதத்தில், லைசென்ஸ் துப்பாக்கிகளால் நடக்கும் குற்றம் சொற்பம், கள்ளத் துப்பாக்கியைப் பிடிக்காமல் யோக்கியனை ஏன் வாட்டுகிறீர்கள் என்று கேட்டவர்களின் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. வடக்கே ‘கட்டா’ என்ற நாட்டுக் கைத்துப்பாக்கி குடிசைத் தொழிலாய் நடக்கிறது. தமிழ்நாட்டில் அந்த இடத்தை மலைவாசிகளின் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி வகிக்கிறது: வாய்ப்புறமாய் மருந்து கொட்டி, தேங்காய் நார் திணித்து, சைக்கிள் கடையில் வாங்கிய பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுவது. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும், ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீசார் தண்டோரா போட்டபோதெல்லாம் கட்டுக் கட்டாய் அவை வந்து விழுந்திருக்கின்றன. பன்றியைக் கொல்ல வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி யானையின் வாயையும் சிதைத்திருக்கிறது.

நம் புறநகரின் கதை வேறு. ஒரகடத்திலிருந்து மறைமலை நகர் வரை தொழிற்சாலைகளின் ஸ்கிராப் ஏலத்துக்காகவும் நிலத்துக்காகவும் நடந்த கொலைகளைப் படித்து வருபவர்கள் அறிவார்கள். அவற்றிலே பெரும்பாலும் ஆயுதம் அரிவாளும் நாட்டு வெடிகுண்டும். அவை கொடியவை அல்ல என்று யார் சொன்னார்? ஆயினும், அரிவாளோடு வருபவன் எதிராளியின் அருகே வந்தாக வேண்டும். ஓடுபவன் தப்பவும் கூடும். பக்கத்துக் கடையில் டீ குடிப்பவன் சாவதில்லை. இதே பகையும் இதே பணமும் துப்பாக்கி கடையில் கிடைக்கும் தேசத்தில் இருந்திருந்தால், ஜி.எஸ்.டி. சாலையின் நிலை என்னவாயிருக்கும் என்று யோசிக்கவே அச்சமாயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்னுமிடத்தில் ஒரே மனிதன் 35 பேரைச் சுட்டுக் கொன்றபின், அந்நாட்டு சர்க்கார் சில வாரங்களிலேயே சட்டத்தைத் திருத்தி, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. நாம் விலை கொடுக்கவில்லை. நம் முன்னோர் 1801இலும் 1878இலும் மானத்தை விலையாகக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பழைய சட்டத்தின் ஒரு பாதி இன்னும் துரைத்தனத்தின் மனோபாவத்தோடே நிற்கிறது என்பது என் குறை. பிரஜை துப்பாக்கி கேட்டால் காரணம் என்ன, பயிற்சி உண்டா, எங்கே பூட்டி வைப்பாய் என்றெல்லாம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். சர்க்காரின் துப்பாக்கியை அவ்வளவு துருவிக் கேட்கிறோமா? 2018 மே 22ஆம் தேதியும் மறுநாளும் தூத்துக்குடியில் போராடிய ஜனங்கள் மீது போலீசார் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை, அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குத் தக்க காரணமில்லை என்று கண்டு, போலீசார் பலர்மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அறிக்கை சட்டசபையில் வைக்கப்படவே 2022 அக்டோபர் ஆயிற்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்துப் பயிற்சித் தளத்திலிருந்து தவறிப் பாய்ந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் பாய்ந்து, சில நாளில் அவன் உயிரைக் குடித்தது. ஜனங்கள் மறியல் செய்த பின்னரே அத்தளத்தில் பயிற்சி நிறுத்தப்பட்டது.

நமக்கு மிக அருகே, சிங்கப்பெருமாள் கோயிலைச் சார்ந்த அனுமந்தபுரத்து மலையடிவாரத்திலும் அப்படியொரு தளம் உண்டு. பயிற்சி நாட்களில் அதன் ஓசை சுற்று வட்டாரத்து வயல்களில் கேட்கும். வெடித்துப்போன குண்டுகளின் பித்தளையையும் இரும்பையும் பொறுக்கி விற்க மலைக்குள் போன ஏழைகள், வெடிக்காத குண்டில் கை வைத்து ஆபத்துக்குள்ளானதுண்டு. தளத்தை மாற்ற வேண்டும் என்று கிராமத்தார் மனுக் கொடுத்து வருகிறார்கள். துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பட்டணத்து அரங்குகளில் விவாதிப்போர் அம்மனுக்களையும் ஒருமுறை வாங்கிப் படிக்கலாம். 1887இல் சென்னைக் காங்கிரஸ் பந்தலில் பேசப்பட்ட விஷயத்தின் எஞ்சிய பகுதி அவற்றில் இருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில், இரண்டாவது உலக யுத்த காலத்தில் தாம்பரத்தில் விமானத் தளம் எழுந்ததையும், சென்னையை ஜப்பானியர் தாக்குவர் என்ற பீதியில் ஜனங்கள் பட்டணத்தை விட்டு வெளியேறியதையும் கூறுவேன்.

(தொடரும்)